பேய் முகத்துக்கு எந்த பெயின்ட்

என் அக்கா ஐம்பது வயதுக்கு மேல் பேய் வேஷம் போட ஆரம்பித்தாள்.

அதுவரை பல்லாவரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தாள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபின் அவளுக்குப் பொழுது போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செம்பாக்கத்தில் என் வீட்டு மாடியில் குடியிருந்தாள். சின்ன வயதில் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும்போது, குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜா வேஷத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். மரியாள் வேஷம் கொடுத்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அலறி அம்மா மடியில் முகத்தைப் புதைத்தால்தான் அவளுக்கு நாடகம் நன்றாகப் போனதாக அர்த்தம்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து உள்ளே போகும் தெருவில் ஒரு பழைய கல்யாண மண்டபம் இருந்தது. ஏசி வைத்த பெரிய மண்டபங்கள் நாலா பக்கமும் வந்தபின் அங்கே முகூர்த்த நாளில்கூட விளக்கு எரியவில்லை. மண்டபத்துக்காரர்கள் அந்த ஊரிலேயே பரம்பரையாக நிலபுலன் வைத்திருந்த குடும்பம். ஓனர் நாற்பது வயதுக்காரர். இடிக்க மனம் வராமல், உள்ளே பிளைவுட் தடுப்புகள் அடித்து, கறுப்புத் துணி தொங்கவிட்டு, அதைப் பேய் பங்களாவாக மாற்றினார். சனி, ஞாயிறில் கூட்டம் அள்ளியது. வேஷம் போட ஆள் தேவை என்று வாசலில் போர்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, காய்கறி வாங்கப் போன என் அக்கா பையோடு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரில செத்துப்போன நர்ஸ் வேஷம்டி," என்றாள் என்னிடம். கண்கள் பளபளத்தன. "தலை முழுக்க மாட்டற ரப்பர் முகமூடி. அவ்ளோ அழகா இருக்கு."

நான் வீட்டில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். துணியில், பானையில், சுவரில் வரைந்து தரும் வேலையும் வரும். அந்த வகையில் முகமூடிகளுக்கு டச்-அப் செய்யும் வேலை அக்கா மூலம் எனக்கு வந்தது. வேஷக்காரர்கள் மாட்டிக் கழற்றும்போது உதட்டோரமும் கண்ணோரமும்தான் முதலில் பெயின்ட் உதிரும். நர்ஸ் முகமூடியில் கன்னத்தில் சதை கிழிந்து தொங்குவது போல ஓர் இடம் உண்டு. வாரா வாரம் அங்கே வெளிறிப்போகும். ரத்தச் சிவப்பை மறுபடி ஏற்ற வேண்டும்.

முதல் தடவை அந்த முகமூடியைக் கையில் வாங்கியபோது என்னை ஒரு விஷயம் உறுத்தியது. படம் என்றால் சுவரில் மாட்டிவிட்டு விலகி நிற்கலாம். இது என் அக்காவின் மூக்கு மேல் உட்காரப் போகிற பெயின்ட். அவள் வியர்வை அதில் ஊறும். உள்ளே மூச்சு விடுவாள். சாயந்திரம் முழுக்க அதற்குள்தான் இருப்பாள்.

இன்னொன்றும் இருந்தது. கொரோனா வந்து போன பிறகு அக்காவுக்கு வாசனை தெரியாது. பால் பொங்கித் தீய்ந்தாலும் நான்தான் கீழேயிருந்து குரல் கொடுக்க வேண்டும். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அவள் முகமூடியை மாட்டுவதற்கு முன் நான் அதை மோந்து பார்ப்பேன். பவுடர் வாசனையும் ரப்பர் வாசனையும் மட்டும் வந்தால் தலையை ஆட்டுவேன். அதன்பிறகுதான் மாட்டுவாள்.

எனாமல் பெயின்ட் வேண்டாம், ஸ்ப்ரே வேண்டாம் என்று ஓனரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். தின்னர் கலந்த எதுவும் ரப்பரை ஊற வைத்து இளக்கிவிடும்; பிசுபிசுவென்று ஒட்டும்; அதன் நெடி முகமூடிக்குள்ளேயே தங்கும். நான் தண்ணீர் கலக்கும் ஃபேப்ரிக் பெயின்ட்டைத்தான் மெல்லிசாக வைத்தேன். அதில் ஒரே குறை, காய நேரம் எடுக்கும். காய்ந்தபின் மினுமினுப்பும் இருக்காது.

அந்த மினுமினுப்புதான் பிரச்சினை ஆனது.

ஓனருடைய மச்சான், அவர் மனைவியின் தம்பி, டிக்கெட், லைட், சத்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். கெட்டவன் இல்லை. எதற்கும் பொறுமை கிடையாது. ஒரு சனிக்கிழமை யாரோ வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் வரப்போவதாகச் சொல்லி முந்தின நாளே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ரத்தம் ரத்தமா தெரியலக்கா. செங்கல்லு மாரி கீது. கேமரால ஒண்ணுமே வராது. ஷைனிங்கா அடிச்சி குடுங்களேன்."

"ஷைனிங் வேணும்னா ஒரு வாரம் முன்னாடி சொல்லணும் தம்பி. மேல ரப்பர் பால் ஒரு கோட் குடுத்து, நெடி போற வரைக்கும் காயவைக்கணும். நாளைக்குள்ள முடியாது."

"ஸ்ப்ரே அடிச்சா பத்து நிமிசம்."

"அத அடிச்சா உள்ள இருக்கற ஆளுக்கு மூச்சு முட்டும். வேணாம்."

சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் நான் அனகாபுத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. நர்ஸ் வேஷத்துக்குக் கட்டுப்போடும் துணி பழசாகிவிட்டது. தறிக்காரர்கள் வீட்டில் இழை விட்டுப்போன துணி கிடைக்கும். பார்க்க ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரியே இருக்கும். துணியைத் தேர்ந்தெடுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. பம்மல் தாண்டவே பஸ் திணறியது. நான் வருவதற்குள் முதல் ஷோ ஆரம்பித்துவிடும் என்று தெரிந்ததும் அக்காவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. வேஷம் போட்டபின் போனை எடுக்க மாட்டாள்.

முந்தின நாள் சாயந்திரம் நானே மோந்து பார்த்து வைத்த முகமூடிதானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனாலும் தாம்பரம் சானடோரியம் வந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மண்டபத்து வாசலில் கூட்டம் நின்றது. உள்ளேயிருந்து கதவு அறைபடும் சத்தமும் குழந்தை அழும் சத்தமும் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தன. நான் பக்கவாட்டு வழியாக 'மணமகள் அறை'க்குப் போனேன். அதுதான் எங்கள் மேக்கப் அறை. ஆளுயரக் கண்ணாடி இன்னும் அங்கே இருந்தது. கதவைத் திறந்ததும் நெடி முகத்தில் அடித்தது.

பைக் பட்டறை வாசனை. தின்னர்.

துணியை அப்படியே கீழே போட்டேன். முகமூடி வைக்கும் மேஜையில் விரித்திருந்த நியூஸ் பேப்பரில் தலை அளவுக்கு வெள்ளை வட்டம். சுற்றிலும் சிவப்புத் தெறிப்பு. பக்கத்தில் மூடி திறந்த ஸ்ப்ரே டப்பா. பேப்பரில் விரலை வைத்தேன். ஒட்டியது. இன்னும் காயவில்லை.

பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். எதற்காக எடுத்தேன் என்று அந்த நிமிஷம் யோசிக்கவில்லை.

அக்காவின் இடம் கடைசித் திருப்பத்தில் இருந்தது. மண்டபத்தின் மேடை இருந்த பக்கம். வெளியேறும் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம். வழியில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. அப்பாவின் கையில் போன்.

"செம ஆக்டிங்டா," என்றார் அவர் மகனிடம். "சுவத்துல எப்படி மோதினா பாத்தியா? கைய நீட்டி நம்ம காலயே புடிக்க வந்தா."

அக்கா யாரையும் தொட மாட்டாள். தொடக்கூடாது என்பது அங்கே விதி. அதை அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள்.

டிக்கெட் மேஜையிலிருந்து ஓனர் என் பின்னாலேயே வந்துவிட்டார். "இன்னாக்கா, இன்னா ஆச்சி?"

"லைட்டப் போடுங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க! அக்கா முகமூடில ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க!"

"உள்ள ரெண்டு பேட்ச் கீறாங்கக்கா…"

"நிறுத்துங்கன்றேன்!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஓடிப்போய் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அப்படியே கீழே இழுத்துவிட்டார்.

வெளிச்சம் வரும் என்று நினைத்தேன். இருந்த நீல விளக்குகளும் போய்விட்டன. ஃபேன் நின்றது. ஸ்பீக்கர் நின்றது. கண்ணுக்கு முன்னால் என் கையே தெரியவில்லை. உள்ளே நின்றிருந்தவர்கள் இதுவும் ஷோவில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூவினார்கள். பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். அந்த அமைதியில்தான் எனக்கு அது கேட்டது.

பிளைவுட்டில் யாரோ கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். வேகமாக இல்லை. தட்டல், அப்புறம் ஓர் இழுப்பு. ஓட்டை விழுந்த பலூனிலிருந்து காற்று வருவது போல ஒரு மூச்சு.

"அக்கா! அக்கா, நான்தான்!"

போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு போனேன். தடுப்புக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் முகமூடியின் மோவாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அது ரப்பர் மிட்டாய் போல இழுபட்டுத் திரும்பவும் முகத்தில் ஒட்டியது. வாய், மூக்குத் துளைகளின் உள்விளிம்பு வரைக்கும் ஸ்ப்ரே இறங்கியிருந்தது. சூட்டிலும் வியர்வையிலும் அந்த இடமெல்லாம் இளகிப் பிசினாகிவிட்டது. பின்பக்கம் நாடா வைத்துக் கட்டும் முகமூடி அது. அவள் இழுத்த இழுப்பில் நாடா இறுகி முடிச்சு விழுந்திருந்தது.

"கைய எடுக்கா. நான் வெட்டறேன். அசையாத."

அவள் கையை எடுத்தாள். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியிலிருந்த பலத்தைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஓனர் பின்னாலிருந்து இன்னொரு போனைப் பிடித்தார். பிடரியிலிருந்து உச்சி வரை ரப்பரையும் அதில் ஒட்டியிருந்த டோப்பா முடியையும் சேர்த்து வெட்டினேன். அவளுடைய சொந்த முடியும் கொத்தாக வந்தது. கத்தரியில் ரப்பர் ஒட்டி ஒட்டி நின்றது. கண் பக்கம் வந்ததும் கத்தரியை வைத்துவிட்டு விரலால் பிரித்தேன். தோலை உரிப்பது போல அவள் முகத்திலிருந்து வேறொரு முகம் கழன்று வந்தது.

அவள் கண் திறக்கவில்லை. இமைகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வாயைப் பெரிதாகத் திறந்து காற்றை இழுத்தாள். இருமினாள். மறுபடி இழுத்தாள்.

பந்திக் கூடத்தின் ஓரத்தில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கை கழுவ வரிசையாகக் குழாய்கள் உண்டு. ஓனரும் நானும் அக்காவை அங்கே கூட்டிப்போனோம். அவள் தலையைக் குழாய்க்குக் கீழே சாய்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் ஓடவிட்டேன். நிறுத்தவே இல்லை. ஓனரின் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. மச்சான் தள்ளி நின்றிருந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. அதற்கு நேரம் இல்லை.

கிளம்பும்போது அந்த ஸ்ப்ரே டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் அக்காவின் ஒவ்வொரு மூச்சும் விசில் அடித்தது. கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது எனக்கு அந்தச் சிவப்பு விளக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

டூட்டி டாக்டர் இளம்பெண். டப்பாவை வாங்கி அதிலிருந்த சின்ன எழுத்துகளைப் படித்தபடியே நர்ஸிடம் சொன்னார், "நெபுலைசர் போடுங்க. கண் டாக்டரக் கூப்பிடுங்க."

புகை மருந்து பிடிக்கும் குழாயை மூக்கருகே கொண்டுவந்ததும் அக்கா கையால் தட்டிவிட்டாள். முகத்தின் மேல் இன்னொன்று வருகிறதே என்ற பயம். நர்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டோம். "இது மருந்துக்கா. நான் மோந்து பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல," என்றேன். அதைக் கேட்டபின்தான் விட்டாள்.

ராத்திரிக்குள் விசில் சத்தம் அடங்கியது. கருவிழியில் மேல்பரப்பு மட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறது, சொட்டு மருந்தில் ஆறிவிடும் என்று கண் டாக்டர் சொன்னார். ஆனால் டூட்டி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெயின்ட் நெடிலதான் இப்படி ஆச்சுன்னு தோணுது. ஆனா ரப்பரும் சிலருக்கு ஒத்துக்காது. இவ்ளோ நாள் ஒண்ணும் ஆகலன்னா இனிமேலும் ஆகாதுன்னு சொல்ல முடியாது. போட்டுப் போட்டுதான் அலர்ஜி வரும். டெஸ்ட் பண்ணிப் பாக்கற வரைக்கும் ரப்பர் எதுவும் முகத்துல படக்கூடாது."

அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு எங்களுக்குள் சண்டை ஆரம்பித்தது. அவள் கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கன்னமும் மோவாயும் தோல் உரிந்து சிவந்திருந்தன. வெட்டிய முடியை மறைக்கத் தலையில் துண்டு.

"இத்தோட போதும்," என்றேன்.

"எது போதும்?"

"பேயாட்டம் போதும்."

"நீ பெயின்ட்ட சரியா வை. நான் முகமூடிய சரியா போட்டுக்கறேன்."

"சர்ச்சுல எல்லாரும் ஏற்கெனவே ஒரு மாதிரி பேசறாங்க."

"அவங்க நான் ஏரோது போட்டப்பயே பேசினாங்க." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பாமலேயே சொன்னாள்: "அந்த ஆள் நான் கை நீட்டினத பாத்து சிரிச்சான்டி. நான் காப்பாத்துங்கன்னு சொன்னேன். வெளிய சத்தம் வரல. அவன் வீடியோ எடுத்தான். என் கடைசி ஷோ அப்படி முடிஞ்சதா இருக்கக்கூடாது."

நழுவியிருந்த துண்டை அவள் தலையில் சரியாகப் போட்டுவிட்டேன்.

அந்த வாரத்திலேயே மச்சான் வந்தான். கேட்டுக்கு வெளியே பழப்பையோடு நின்றான். அவனைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வராதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாடியிலிருந்து அக்கா, "மேல வரச் சொல்லு," என்றாள்.

அவன் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "தப்பு பண்ணிட்டேன்க்கா. ஃபேன்ல காய வெச்சேன். காஞ்சிடுச்சின்னு நெனச்சேன். நீங்களும் ஒண்ணும் சொல்லல, மாட்டிக்கினு போய்ட்டீங்க…"

அக்கா என்னைப் பார்த்து, "அந்தப் பையை எடுத்துட்டு வா," என்றாள். வெட்டின முகமூடியை நான் பிளாஸ்டிக் பையில் கட்டி பால்கனியில் வைத்திருந்தேன். கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா முடிச்சை அவிழ்த்து அவன் பக்கம் நீட்டினாள்.

"மோந்து பாரு தம்பி. எனக்கு வாசனை தெரியாது. எப்படி இருக்குன்னு சொல்லு."

அவன் குனிந்தான். உடனே தலையைத் திருப்பி இருமினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் கழித்தும் அதில் நெடி போகவில்லை.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா… வாசன தெரியாதுன்னு யாரும் சொல்லல."

"இப்ப தெரிஞ்சுதில்ல. உங்க மாமா கிட்டயும் சொல்லு," என்றாள் அக்கா. பிறகு அவனுக்கு டீ போடச் சொன்னாள். நான் போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவன் அதை அப்படியே குடித்துவிட்டுப் போனான். வேஷக்காரர்களின் சாமான் எதையும் இனி அவன் தொடக்கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

ரப்பர் டெஸ்ட் முடிவு வரச் சில நாள் ஆனது. அந்த நாட்களில் நான் அந்தக் கிழிந்த முகமூடியோடு உட்கார்ந்தேன். ஸ்ப்ரே படாத பின்பக்கத்திலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயின்ட்டை வைத்து பால்கனிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன்.

மேற்குத் தாம்பரத்தில் பெயின்ட் கடை, ஸ்டேஷனரி கடை, ஃபேன்ஸி ஸ்டோர் எல்லாம் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் எதைக் காட்டினாலும் "தாராளமா யூஸ் பண்ணலாம் மேடம்," என்றார். சுவருக்கு அடிப்பதையும் அப்படித்தான் சொன்னார். பிள்ளைகள் வரையும் வாட்டர் கலரில் நச்சு இல்லை என்று அச்சடித்திருந்தார்கள். தெரியாமல் வாயில் வைத்தால் ஒன்றும் ஆகாது என்பது வேறு, மணிக்கணக்கில் வியர்வையோடு கன்னத்தில் கிடப்பது வேறு. அதில் என்னென்ன நிறப்பொடி கலந்திருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை. எழுதாததை எடுக்கவில்லை. துருப்பிடித்த நிறத்துக்காக முன்பு ஓனர் வாங்கி வைத்திருந்த செம்புப் பொடியை ஒரு துண்டில் தடவிப் பார்த்தேன். சில நாளில் அந்த இடம் கறுத்து, இழுத்தால் பொடியாக உதிர்ந்தது. செம்பு ரப்பரைத் தின்றுவிடும் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். சாதாரண அக்ரிலிக் அழகாகக் காய்ந்தது, மடித்ததும் விரிசல் விட்டது. ஃபேப்ரிக் பெயின்ட் மடங்கியது, ஆனால் நகத்தால் சுரண்டினால் வந்தது. அதையே ரப்பர் பாலில் கலந்து வைத்த துண்டு மட்டும் இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. உதிரவில்லை. ரப்பர் பாலில் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி உண்டு. காற்றில் மாட்டி வைத்து, அந்த நெடி முழுக்கப் போகும்வரை தினமும் காலையில் மோந்து பார்த்தேன். கீழே படம் வரையக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள், மிஸ் எதற்குக் கொடியில் தோலைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

டெஸ்ட்டில் ரப்பர் அலர்ஜி இல்லை என்று வந்தது. அக்கா கைதட்டினாள். எனக்கு நிம்மதியும் வந்தது, தடுக்க இருந்த ஒரே காரணமும் போய்விட்டதே என்ற கலக்கமும் வந்தது.

டாக்டரிடம் கேட்டேன். தேர்ந்தெடுத்த துண்டை முதலில் கையில் கட்டிப் பார்க்கச் சொன்னார். என் கையில் கட்டிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அக்காவின் முழங்கைக்கு உள்பக்கம் வைத்து பிளாஸ்திரி போட்டேன். அன்றைக்கெல்லாம் நான் சாக்குச் சொல்லிக்கொண்டு மாடி ஏறி இறங்கினேன்.

"அரிக்குதா?"

"இல்ல."

"எரியுதா?"

"நீ கேக்கக் கேக்கத்தான் எரியுது. போ."

மறுநாள் காலையில் பிரித்தோம். பிரித்த இடம் சிவந்திருந்தது. அக்கா கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். சிவப்பு ஒரு சதுரச் சட்டமாக இருந்தது. நடுவில், ரப்பர் இருந்த இடத்தில், தோல் எப்போதும் போல இருந்தது.

"பிளாஸ்திரிக் கோந்துக்கா," என்றேன். "பிளாஸ்திரி ஒட்டின இடம் மட்டும்தான்."

"நல்லா பாரு."

"பாத்துட்டேன்."

இரண்டு பேரும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டோம்.

ஓனரிடம் நான் போய்ப் பேசினேன். தலை முழுக்க மூடும் முகமூடி இனி அக்காவுக்கு வேண்டாம். நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை மட்டும் வரும் பாதி முகமூடி. நாடா இல்லாமல், இழுத்தால் உடனே கழன்று வரும்படி எலாஸ்டிக். ஒவ்வொரு வேஷக்காரர் பக்கத்திலும் ஒரு பெல். எல்லா விளக்கும் ஒரே சுவிட்சில் எரிய வேண்டும். இருக்கிறதெல்லாம் அணையும் சுவிட்ச் போதாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நானும் அன்னிக்கு அந்த இருட்டுல நின்னேன்க்கா," என்றார். "தூக்கத்துலகூட அந்தத் தட்டற சத்தம் கேக்குது."

கோடை விடுமுறை முடிவதற்குள் அக்கா திரும்பப் போனாள். முதல் நாள் மணமகள் அறையில் புது முகமூடியை மோந்து பார்த்தேன். ரப்பர், பவுடர். வேறொன்றும் இல்லை. மறுபடியும் மோந்தேன். அக்கா பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டினேன். மாட்டிக்கொண்டாள்.

நான் வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே அலறல் எழும்போதெல்லாம் அது யாருடையது என்று காது பிரித்துப் பார்த்தது. பெல் அடிக்கவில்லை. ஒரு கூட்டம் வெளியே வந்தது. அடுத்தது வந்தது. என் கை கத்தரிக்கோல் இருந்த பையை விடவே இல்லை.

ஷோ முடிந்து அவள் வந்தாள். முகமூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். முகத்தில் வியர்வை மட்டும். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. காற்று பட்டால் இன்றுவரை அவளுக்கு அப்படித்தான் நீர் வரும்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"ஒருத்தரும் பயப்படல," என்றாள் எரிச்சலாக. "ஒரு பாப்பா என் கன்னத்தக் காட்டி, ஆன்ட்டிக்கு வேர்க்குதுன்னு சொல்லுது. பாதிப் பேயப் பாத்து எவன் பயப்படுவான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. உண்மையிலேயே வருத்தமாக இருந்தாள். முகமூடி மூடாத இடத்துக்கு நேராகத் தோலில்தான் பூச வேண்டும். அதற்கு நாடகக்காரர்கள் வாங்கும் மேக்கப்தான் சரி. கலந்திருப்பதை எல்லாம் டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். நிறமும் முகமூடியோடு ஒத்துப்போக வேண்டும். மறுபடியும் கையில் வைத்துப் பார்த்து, ஒரு நாள் காத்திருந்து, அப்புறம்தான் முகம்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியாது," என்றேன். "அதுக்கடுத்த சனிக்கிழமை."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் காத்திருந்தாள்.